எங்கள் வீட்டுப் பாத்திர மூடியிலிருந்து ஆரம்பியுங்கள்: சிறப்புப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் வட்டார வள மையங்களிலும் சிறப்புப் பள்ளிகளிலும் வேலை பார்க்கிற சிறப்புப் பயிற்றுநர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். என் மகனுக்கு 14 வயது, அறிவுசார் குறைபாடு, நாலைந்து சொற்கள்தான் பேசுவான். பொருத்துதல் பற்றித்தான் எழுதுகிறேன், அதாவது ஒன்றைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்றை எடுத்து அதோடு சேர்ப்பது. நிறம், அளவு, எழுத்து, காசு எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் படி என்று சொல்லிக்கொடுத்ததே உங்களில் ஒருவர்தான்.

முன்பு அவன் போன ஒரு மையத்தில் வருஷக்கணக்காகப் பழகியது சிவப்பு அட்டையோடு சிவப்பு அட்டை, வட்டத்தோடு வட்டம். மேசையில் வைத்தால் தப்பே வராது. நிறம் பொருத்துகிறான் என்று பதிவேட்டில் டிக் போட்டார்கள், எனக்கும் சந்தோஷம். ஒரு நாள் தோட்டத்திலிருந்து தக்காளியைக் கொண்டுவந்து கொட்டி, பழத்தைப் பழத்தோடு போடு சாமி என்றேன். கூடையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மேல் ஒரு குறையும் இல்லை. அட்டையில் இருப்பது ஒரே சிவப்பு, தக்காளியிலோ காம்புப் பக்கம் பச்சை, அடியில் மஞ்சள், ஒன்று வெடித்திருக்கும், ஒன்றில் மண் ஒட்டியிருக்கும், இதெல்லாம் சேர்ந்ததுதான் பழம் என்று அவனுக்கு யாரும் காட்டவே இல்லையே. மேசையில் கற்றது மேசையிலேயே நின்றுவிட்டது.

எங்களுக்கு வழி திறந்தது பாத்திர மூடிகளில். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களில் ஒரு பெரிய குண்டானையும் சின்ன டிபன் டப்பாவையும் மட்டும் அவன் முன்னால் வைத்து, இரண்டு மூடிகளையும் கையில் கொடுத்தேன். பெரிய மூடியை டப்பாவில் வைத்தால் நிற்காது, சின்ன மூடியைக் குண்டானில் வைத்தால் உள்ளே விழுந்துவிடும். நான் வாயே திறக்க வேண்டியதில்லை, பாத்திரமே சொல்லிவிடுகிறது. தப்பு தப்பு என்று கேட்டுக் கேட்டே கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளப் பழகிய பிள்ளை அவன், அதனால் இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும். முதல் வாரம் அவன் கை மேல் என் கை, அப்புறம் முழங்கையை லேசாகத் தொடுவது, அப்புறம் விரலால் காட்டுவது, அப்புறம் அதுவும் இல்லை. இரண்டு பாத்திரம் மூன்றானது, அளவு வித்தியாசமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒன்றரை மாசம் பிடித்தது. இப்போது சாயந்திரம் பாத்திரம் மூடுவது அவன் வேலை, வேறு யாராவது மூடினால் கோபம் வருகிறது.

அடுத்து வாசலில் செருப்பு ஜோடி சேர்த்தான், அதற்கப்புறம்தான் திரும்பத் தக்காளிக்கு வந்தோம். இந்த முறை இரண்டு கூடை வைத்து, ஒன்றில் மாதிரிக்கு ஒரு காய், இன்னொன்றில் ஒரு பழம் போட்டுவிட்டு, காயும் இல்லாமல் பழமும் இல்லாமல் நடுவில் நிற்கிற செங்காயை எல்லாம் நானே முதலில் பொறுக்கி எடுத்துவிட்டேன். செங்காய் எது என்பதில் பெரியவர்களுக்கே சண்டை வரும், அவனுக்கு முதல் நாளே எதற்கு? மூன்று வாரம் கழித்துச் செங்காய்க்கு மூன்றாவது கூடை வைத்தேன். அவன் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை, லேசாக அமுக்கியும் பார்க்கிறான். அது நான் சொல்லிக்கொடுத்ததல்ல. ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பத்து நிமிஷம் இருபது நிமிஷம் என்றால் பாடம், நாள் முழுக்க உட்காரவைத்தால் அது பிள்ளையிடம் வேலை வாங்குவது. அந்த எல்லையையும் பெற்றோருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காசுக்கும் அப்படித்தான். தயவுசெய்து பிளாஸ்டிக் காசு வேண்டாம். 10 ரூபாய் நாணயமும் 20 ரூபாய் நாணயமும் ஒரே அகலம், 27 மில்லிமீட்டர், இரண்டிலும் நடுவில் ஒரு நிறம் ஓரத்தில் ஒரு நிறம். ஆனால் 20 ரூபாய்க்கு 12 பக்கம் உண்டு, விரலை ஓரத்தில் சுற்றிவிட்டால் கைக்குத் தெரியும். பஸ்ஸுக்கு, ஊர்ப் பெயர் எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் போர்டோடு பொருத்திப் பார்க்கிறான். படிக்கத் தெரியாது, தேவையும் இல்லை. ஓசூர் சின்னச் சொல், ராயக்கோட்டை நீளம், அதில் சிக்கல் இல்லை. பாலக்கோடு வந்தால்தான் குழம்புகிறான், ராயக்கோட்டை, பாலக்கோடு இரண்டிலும் நடுவில் 'க்கோ' இருக்கிறது. இதற்கு என்ன செய்யலாம் என்று உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

பிள்ளைக்கு என்னென்ன செய்ய வரும் என்று பார்க்க நீங்கள் பயன்படுத்தும் மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம் பட்டியலில் 18 பிரிவுகள் இருக்கின்றன. சாப்பிடுவது, உடுத்துவது, பணம், வீட்டு வேலை, தொழில் எல்லாம் அதில் உண்டு. அப்படியிருக்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதும்போது பொருத்துதல் என்றால் ஏன் அட்டையும் மரக்கட்டைப் புதிரும் மட்டும் வருகின்றன? மீசை அரும்புகிற பையன் கையில் மூன்று வயதுக் குழந்தையின் வாத்துப் படப் புதிரைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்கவில்லை. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. என் மகனுக்கு மிச்சம் இருப்பது 4 வருஷம்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை ஊர், எவ்வளவு எழுத்து வேலை! நான் கேட்பது புதுச் செலவு இல்லை. ஜூன் மாசம் திட்டம் எழுதும் முன் எங்களை உட்காரவைத்து, உங்கள் வீட்டில் தினமும் என்ன வேலை நடக்கிறது என்று கேளுங்கள். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வீடு என்றால் மூக்கு நீண்ட பெங்களூராவும் உருண்டை மல்கோவாவும் இருக்கும், தர்மபுரிப் பக்கம் புளி தட்டுகிற வீடு என்றால் ஓடு, கொட்டை, புளி இருக்கும். டிக் போடும் முன், மேசையில் செய்ததை வீட்டிலும் ஒரு முறை செய்யச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தால் மத்தியானம் வேண்டாம், அப்போது அவன் தூங்கிவிடுவான். காலை ஆறரைக்கு வாருங்கள், மண்டிக்குப் போகிற தக்காளியைக் கிரேட்டில் அடுக்குகிற நேரம் அது. கூடைகளை அவனே எடுத்து வைப்பான்.