நீங்கள் வெள்ளையடித்த சுவரைப் பற்றி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாம் இருவரும் சேர்ந்து வரைந்த சுவரை நீங்கள் வெள்ளையடித்து நேற்றோடு ஓராண்டு முடிந்துவிட்டது. அந்தச் சுவரில் என்ன இருந்தது, யார் வீட்டு விளக்கு வெளிச்சத்தில் இரவு வேலை பார்த்தோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் அவற்றை எழுதப்போவதில்லை. இதை நம் தொழிலில் இருக்கும் பலரும் படிப்பார்கள். ஆகவே தெருவின் பெயரையும், காட்சிக்கூடத்தின் பெயரையும், அங்கே என்னிடம் பேசியவர்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். உங்கள் பெயரை எழுதாததற்குக் காரணம் வேறு. எழுத வேண்டிய இடத்தில் அதை ஒருமுறை எழுதாமல் விட்டேன். இப்போது உங்களைக் கேட்காமல் எழுதினால் அதுவும் தவறாகிவிடும்.

ஆறாம் நாள் விடியற்காலைதான் இந்த ஓராண்டாக என்னை விடாமல் துரத்துகிறது. சேலை, இட்லிப் பானை, ஆவி எல்லாவற்றையும் நான் முடித்திருந்தேன். ஆயாவின் முகத்தை நீங்கள் முடித்திருந்தீர்கள். கண்கள் மட்டும் மிச்சம். என்னைச் சாரத்திலிருந்து இறங்கச் சொல்லி, முதலில் எதிர்ப்புறமும் பிறகு பேருந்து நிறுத்தத்திலும் நிற்கவைத்து, “ஆயா உன்னைப் பார்க்குறாங்களாம்மா?” என்று அங்கிருந்தே கேட்டுக்கொண்டு, வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து, தூரிகையை விட்டுவிட்டு மோதிர விரல் நுனியால் கருவிழியில் ஒரு புள்ளி வைத்தீர்கள். இருபதடி சினிமா பேனருக்கும் இப்படித்தான் கண் திறப்போம் என்றீர்கள். அந்த நிமிடமே நான் புகைப்படம் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் ஆயா பானையோடு வந்தார். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், “தோட்டை விட்டுட்டீங்களே” என்றார். அவர் காது வெறுமையாக இருந்தது. தோடு அடகில் இருந்தது. நீங்கள் எதுவும் கேட்காமல் மறுபடி சாரம் ஏறி, சிவப்புக் கல் பதித்த தோடு ஒன்றை வரைந்துவிட்டு இறங்கினீர்கள்.

காட்சிக்கூடத்துக்காக நான் கேன்வாஸில் வரைந்த ஆயாவுக்குத் தோடு இல்லை. புகைப்படத்தைப் பார்த்து வரைந்தேன். புகைப்படத்தில் அது இல்லை. திறப்பு நாளன்று நீங்கள் வந்து அதன்முன் நெடுநேரம் நின்றீர்கள். பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையில் என் பெயர் மட்டும் இருந்தது. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்கள். மறுநாள் காலையில் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு.

அட்டையில் ஒரு பெயர்தான் போட முடியும் என்று சொன்னார்கள். நான் மறுத்திருக்க வேண்டும். ஓவியக் கல்லூரிப் பட்டமும், அவர்களோடு ஆங்கிலத்தில் பேசும் பழக்கமும் என்னிடம் இருந்தன. ஃப்ளெக்ஸ் வந்து பேனர் வேலையைப் பறித்த பிறகு சுவர் சுவராகப் பிழைத்த உங்களிடம் அவை இல்லை. அவர்கள் கண்ணுக்கு நான் ஓவியர். நீங்கள் உதவிக்கு வந்தவர். அந்தக் கணக்கை நான் திருத்தவில்லை. இதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது.

மற்றதற்கு உண்டு. அந்தச் சுவர் எத்தனை நாள் நின்றிருக்கும்? தேர்தல் நெருங்கினால் கட்சிக்காரர்கள் வெள்ளையடித்து, சுவரை முன்பதிவு செய்ததாக எழுதிவைக்கும் ஊர் இது. 1959ஆம் ஆண்டிலேயே பொது இடங்களை உருக்குலைப்பதற்கு எதிராகச் சட்டம் போட்டும் அது நிற்கவில்லை. 2010 வாக்கில் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் வரையச் சொன்னபோது வேலையிழந்த பேனர் ஓவியர்கள் எவ்வளவு ஆசையாக வந்தார்கள் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அவற்றில் எத்தனை இன்று மிஞ்சியிருக்கின்றன? ஓவியர் எம்.எஃப். உசேன் மும்பையில் சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்து பிழைத்தவர் என்பதை ஊரே மரியாதையோடு சொல்கிறது. அவர் கேன்வாஸுக்குப் போனதை யாரும் துரோகம் என்று சொன்னதில்லை. ஆயா ஒரு மழைக்காலமாவது கூடுதலாக வாழட்டும் என்றுதான் நான் கேன்வாஸை எடுத்தேன். பணமும் ஒரு காரணம். மறைக்கவில்லை.

உங்கள் பக்கமும் எனக்குப் புரியாமல் இல்லை. அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரம் இல்லாத இடங்களில் ஒட்டியிருந்த கறுப்புத் தாள்களின்மேல் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டே போனார். அவர் பெயர் பெரிதானதும் ஆட்கள் தாள்களைக் கிழித்தெடுத்து விற்கத் தொடங்கினார்கள். 1985இல் அவர் அதை நிறுத்திக்கொண்டார். சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த படைப்புகளுக்கு, பிரிட்டனின் தெரு ஓவியர் பேங்ஸியின் தரப்பு, அவை அவருடையவை என்று இன்றுவரை சான்றிதழ் தருவதில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் கிடைத்த ஒன்றை ஒருவர் வீட்டு வரவேற்பறைக்கு மட்டும் கொண்டுபோவதில் ஒரு திருட்டு இருக்கத்தான் செய்கிறது.

2020இல் கண்ணகி நகர் அடுக்ககச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் எழுந்தபோது நாம் பார்க்கப் போனோமே, அன்று டீக்கடையில் புளூ என்ற தெரு ஓவியரின் கதையை உங்களுக்குச் சொன்னவள் நான்தான். 2016 மார்ச்சில், இத்தாலியின் போலோனியா நகரத்தில், தெருச்சுவர்களிலிருந்து பெயர்த்த ஓவியங்களை வைத்து ஓர் அரண்மனைக் கட்டடத்தில் கண்காட்சி நடத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த ஊரில் இருபது ஆண்டுகளாகத் தான் வரைந்தவற்றின்மேல் நண்பர்களோடு சேர்ந்து சாம்பல் நிறப் பெயின்ட் பூசியவர் அவர். நீங்கள் கேட்டுவிட்டு, “ஆம்பளை” என்று ஒரே சொல்லில் முடித்தீர்கள்.

ஆனால் புளூ அழித்தது தன்னுடையதை, அண்ணா. நீங்கள் அழித்தது நம்முடையதை. சேலையின் ஒவ்வொரு மடிப்பும் என் கை. அதைப் பூசும்முன் ஒரு தொலைபேசி அழைப்புக்குக்கூட நான் தகுதியில்லாதவளாகிவிட்டேனா? பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, ஓவியத்தை விற்றுவிட்ட பிறகும் படைத்தவருக்குச் சில உரிமைகளை விட்டுவைக்கிறது. டெல்லியில் அரசின் மாநாட்டு மாளிகையான விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்ட தன் சுவர்ச்சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அரசையே எதிர்த்து வென்றார். நான் உங்கள்மீது வழக்குப் போடுவேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சிலர் யோசனை சொன்னபோது எழுந்து வந்துவிட்டேன். ஆயா என்னைக் கேட்டார், “என்னம்மா, என்னை அழிச்சிட்டீங்க?” என்று. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் இல்லை. நான் இருந்தேன்.

அட்டைக்காகப் பூசினீர்களா, தோட்டுக்காகவா, புளூவுக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அட்டைக்காக என்றால் நான் தலைகுனிகிறேன். தோட்டுக்காக என்றால், பெயரை விட்டதைவிட அதற்காகத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

கேன்வாஸை வாங்க ஒருவர் முன்வந்தார். அந்த விலை, பேனர் கம்பெனியில் நீங்கள் ஓராண்டு உழைத்துச் சம்பாதித்ததைவிட அதிகம். போன வாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். இப்போது என் வீட்டுக் கூடத்தில், துணி போர்த்தி, சுவரில் சாய்த்துவைத்திருக்கிறேன். தோட்டை நானே வரைந்து பார்த்தேன். கல் சிவப்பாகத்தான் வந்தது, ஆனால் ஆயாவின் காதில் ஒட்டவில்லை. ஈரம் காயும்முன் துடைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். அண்ணியையும் அழைத்து வாருங்கள். மஞ்சளும் வெள்ளையும் என்னிடம் இருக்கின்றன. சிவப்பு மட்டும் தீர்ந்துவிட்டது.

உங்கள் தங்கை