கண் பரிசோதனை: அட்டையா, திரையா?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

அடுத்த வாரம் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை. சுவரில் மாட்டும் எழுத்து அட்டையோடு இந்த முறை கணினித் திரையும் வருகிறது என்றதும், "எதுக்கு சார் ரெண்டும்?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள்.

அட்டை பழசுதான். ஸ்னெல்லன் என்ற நெதர்லாந்துக் கண் மருத்துவர் 1862-ல் கொண்டுவந்தது. 6 மீட்டர் தள்ளி நின்று படிக்கிற 6/6 வரியில் (பார்வை சரியாக இருப்பவர் படிக்கிற வரி) ஓர் எழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. சிக்கல் என்னவென்றால் எழுத்துகளும் மாறுவதில்லை. போன முறை ஒரு பையன், வரிசையில் முன்னால் நின்றவர்கள் சொன்னதைக் கேட்டுக்கேட்டே மனப்பாடம் செய்து, கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்துவிட்டான். ஏதோ உறுத்தியது, வரியைப் பின்னாலிருந்து படிக்கச் சொன்னேன். திருதிருவென்று முழித்தான். இடது கண்ணில் பார்வை மங்கல் என்று அப்புறம்தான் தெரிந்தது, அவனுக்கே அதுவரை தெரியாது.

திரையில் இந்த வேலை நடக்காது, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்து மாறும். ஆனால் ஒரே ஓர் எழுத்தைத் தனியாகக் காட்டினால் சோம்பேறிக் கண் (மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை குறைந்த கண்) உள்ள பிள்ளை சுலபமாகப் படித்துவிடும், பக்கத்தில் எழுத்துகள் நெருக்கமாக இருந்தால்தான் தடுமாறும். அதனால் முழு வரியாகவே காட்டச் சொல்லியிருக்கிறேன். திரையில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கக்கூடாது, எழுத்தின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட வேண்டும். நான் அளப்பேன். (எனக்கு அட்டைமேல்தான் நம்பிக்கை அதிகம், ஒத்துக்கொள்கிறேன்.)

வீட்டில் செல்போனில் சோதித்துப் பார்த்தோம், எல்லாம் சரி என்கிறீர்கள். போனுக்குப் போன் எழுத்தின் அளவு மாறும், கைக்கெட்டும் தூரத்தில் படித்தால், தூரத்தில் இருப்பதைப் பார்க்க முடிகிறதா என்று எப்படித் தெரியும்? வீட்டில் பிரிண்ட் எடுத்த தாளும் அப்படித்தான், தாளுக்குள் அடங்குவதற்காக பிரிண்டர் சுருக்கிவிட்டால் கணக்கே போச்சு.

கண்ணாடி போடும் பிள்ளைகள் அன்று மறக்காமல் கொண்டு வரட்டும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பழக்குங்கள்; விரலால் மூடினால் இடுக்கு வழியே எட்டிப் பார்ப்பார்கள், அழுத்தினால் அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கும். அப்புறம், பரிசோதனையில் தேறிய பிள்ளைக்கும் தலைவலி, புத்தகத்தை முகத்தோடு ஒட்டி வைப்பது இருந்தால் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், ஏனென்றால் பிளஸ் பவர் (கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் சிரமப்படுவது) உள்ள பிள்ளைகள் பலர் அட்டையையும் திரையையும் சுலபமாகப் படித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்