உன் கையெழுத்து அழகாக இருந்தது

என் பழைய மாணவிக்கு,

பெயர் போடவில்லை. நாலு பேர் படிக்கிற இடம். உன்னைத்தான் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும். ‘எங்கள் டீச்சர் ஒருத்தர்’ என்று நீ என்னைப் பற்றி எழுதியதைப் படித்தேன்.

ஜூன் 23, பொறியியலில் பெண்களுக்கான சர்வதேச நாள். வருஷா வருஷம் பிள்ளைகளிடம் நான்தான் பேசுவேன். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கையில் ஒரு பெண் குழந்தை இருந்தும் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, 1943இல் மின்பொறியியல் பட்டம் வாங்கிய லலிதாவின் கதை. சான்றிதழில் ‘ஹி’ என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு, பேனாவால் ‘ஷி’ என்று எழுதிக் கொடுத்தார்கள் என்றதும் கைதட்டல் எழும். இந்த வருஷம் அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. பேனா என்றதும் நீ வந்து நின்றுவிட்டாய்.

அன்றைக்கு லேபில் பிரிட்ஜ் ரெக்டிஃபையர். மின்சாரத்தை ஒரே பக்கமாக மட்டும் விடுகிற டயோடு நாலை வைத்து, ஏசியை டிசியாக மாற்றுகிற சர்க்யூட். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிற சோல்டரிங் அயர்ன் ஐந்து பேருக்கு ஒன்று. நீ கையை நீட்டினாய். நான் அதைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு, “உன் கையெழுத்துதான் அழகா இருக்கு, ரெக்கார்டை நீ எழுதும்மா” என்றேன். ஃபியூஸ் இரண்டு முறை போனது. பையன்கள் டிரான்ஸ்ஃபார்மரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நீ நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்: “மூணாவது டயோடோட வெள்ளைக் கோடு திரும்பியிருக்கு, மிஸ்.” திருப்பி வைத்தார்கள். மீட்டரில் முள் ஏறியது. நான் அந்தப் பையனின் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

நாற்பது பிள்ளைகள், எட்டு அயர்ன், முக்கால் மணி நேரம். யாருக்காவது சூடு பட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான். இதெல்லாம் உண்மைதான். ஆனால் சூடு பட்டுவிடும் என்ற பயம் பையன்களைப் பார்த்து எனக்கு ஏன் வரவில்லை? ஈயம் எப்போது பளபளவென்று ஓடும், எப்போது மங்கி உருண்டு நிற்கும் என்பது விரலுக்குத்தான் தெரியும். நோட்டில் எழுதி வருகிற வித்தை இல்லை அது. தெரிந்தே உன் விரலுக்கு அதைக் கொடுக்காமல் விட்டேன்.

அதற்குப் பிறகு உன் வீட்டில் நடந்த பேச்சைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இன்னொருவரைக் குற்றம் சொன்னதாகிவிடும். என்னைக் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீயும்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! “எனக்கும் கொடுங்க மிஸ்” என்று சொல்லியிருந்தால் கொடுக்காமலா போயிருப்பேன்? இத்தனை வருஷம் கழித்து, ‘எங்கள் டீச்சர் ஒருத்தர்’ என்று ஊரறிய எழுதுகிறாய். உன்னோடு படித்தவர்கள் எல்லோருக்கும் அது யாரென்று தெரியும். வலித்தது. பதினாறு வயதுப் பிள்ளை கேட்டிருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயமில்லை என்று தெரிந்தும் கோபம் வந்தது. நீ கையை நீட்டியதே கேட்டதுதான் என்று எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

இந்த வருஷம் லேபில் முறை வைத்துவிட்டேன். ரெக்கார்டு எழுதுகிறவர் வாராவாரம் மாறுவார். முதல் வாரம் அயர்னைப் பிடித்த ஒரு பெண், மங்கிப்போயிருந்த தன் முதல் ஜாயின்டின் ஈயத்தைத் தானே பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். நான் பக்கத்தில் போகாமல் நின்றேன். அது எனக்குச் சுலபமாக இல்லை.

உன் ரெக்கார்டு நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைய படத்தில் நாலு டயோடும் சரியாக இருக்கின்றன. கீழே சிவப்பு மையில் ‘Neat’ என்று மட்டும் போட்டிருக்கிறேன். உன் விலாசம் அனுப்பு. திருத்தி எழுதி அனுப்புகிறேன்.

மிஸ்