பள்ளிக்கூடத்துக் கொல்லைல ஒரு குட்டிக் குளம்

அன்புள்ள அம்மா அப்பா எல்லாருக்கும் வணக்கம்,

நேத்து சாயங்காலம் கேட் வாசல்ல நாலஞ்சு பேர் "கொல்லைல பள்ளம் தோண்டப் போறீங்களாமே டீச்சர், கொசு வராதா, சின்னப் புள்ளைங்க விழுந்துட்டா என்ன பண்றது"ன்னு கேட்டீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். அதான் எல்லாருக்கும் சேர்த்து எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

2023 ஆகஸ்ட்ல இருந்து காலை உணவும் இங்கயே குடுக்கறதால தட்டு கழுவறது ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஆயிடுச்சு. போன வாரம் அஞ்சாங்கிளாஸ் புள்ளைங்க குழாயடில வாளி வச்சு அளந்து பாத்தாங்க, கை கழுவறது தட்டு கழுவறது எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 420 லிட்டர், கிட்டத்தட்ட முப்பது குடம். நம்ம தெருவுல லாரித் தண்ணிக்கு குடத்தோட வரிசைல நிக்கறோம், இங்க முப்பது குடம் சுவத்தோரமா ஓடி தெருமுனைல தேங்கி சாம்பார் வாடையோட கெடக்கு. கொசு இப்பவே அங்கதான் வளருது. முட்டை பொரிஞ்சு பறக்கற கொசுவா ஆக வெயில் நாள்ல ஏழெட்டு நாள் போதும். அந்த தண்ணிய சுத்தம் பண்ணி ஒரு குட்டிக் குளத்துல விடத்தான் கொல்லைல பள்ளம் தோண்டறோம்.

ஒரு விஷயத்த மறைக்காம சொல்லிடறேன். முன்னாடி நான் வேலை பாத்த ஸ்கூல்ல இதே மாதிரி ஒரு குளம் வெட்டினோம், ஆசையா அல்லிக்கிழங்கு கூட போட்டோம், ஆனா தட்டு கழுவின தண்ணிய நேரா அதுலயே விட்டுட்டோம். மூணாம் நாளே சோத்துப் பருக்கையும் எண்ணையும் மேல மெதந்து, தண்ணி கருத்து, வகுப்புல உக்கார முடியாத நாத்தம். கடைசில மண்ணப் போட்டு மூடினோம். குளத்து மேல தப்பில்ல, குளத்துக்கு முன்னாடி செய்ய வேண்டியத செய்யல, அவ்வளவுதான்.

இந்த தடவ தண்ணி முதல்ல ஒரு சின்னத் தொட்டிக்குத்தான் போகும். வாய்ல ஒரு வலைக்கூடை, பருக்கையும் கறிவேப்பிலையும் அதுல நின்னுடும், எண்ணை மேல மெதக்கும், அத தினமும் வழிச்சு எடுக்கணும். இந்த ஒரு வேலைய ரெண்டு நாள் விட்டா மொத்தமும் கெட்டுடும், அதனால அத நானே நின்னு பாத்துக்கறேன்.

அங்கருந்து ஜல்லிப் படுகை. 10 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம், அடில கனமான தார்ப்பாய், தண்ணி நுழையற பக்கம் ஒன்றரை இன்ச் ஜல்லி, மத்த எடமெல்லாம் முக்கா இன்ச் ஜல்லி. ஜல்லிக்கு நடுவுல இருக்கற சந்துல மட்டும் சுமார் 900 லிட்டர் நிக்கும், அப்படின்னா நம்ம தண்ணி ரெண்டு நாள் உள்ள தங்கி மெதுவா நகந்து போகும். மேல கல்வாழை, சேம்பு, வெட்டிவேர் நடுவோம். பாட்டி வீட்டுல பாத்திரம் தேய்க்கற எடத்துல வாழையும் கல்வாழையும் வச்சிருப்பாங்களே, அதே யோசனைதான். வேர் வழியா கொஞ்சம் காத்து கீழ இறங்கும், ஜல்லியிலயும் வேர்லயும் ஒட்டி வளர்ற நுண்ணுயிர் அழுக்க தின்னுடும். ஆரோவில்ல பல குடியிருப்புல இந்த மாதிரி செடிப் படுகை வச்சுதான் கழிவுத்தண்ணிய சுத்தம் பண்றாங்க.

கொசுவுக்கு வர்றேன். படுகைய விட்டு வெளிய வர்ற பைப்புல ஒரு எல்போ, அதாவது வளைஞ்ச பைப் துண்டு, போட்டு தண்ணி மட்டத்த ஜல்லிக்கு ரெண்டு இன்ச் கீழயே நிறுத்திடுவோம், மேல நடந்தா கால் கூட நனையாது, கொசு முட்டை போட தண்ணி கண்ணுக்கே தெரியாது. அப்புறம் அந்த தண்ணி மூணு கல்லு மேல சளசளன்னு விழுந்து குளத்துக்குப் போகும். விழறப்ப காத்து கலந்துக்கும், மீனுக்கும் நல்லது. மீனு நம்ம வாய்க்கால்ல புடிக்கற பொடி மீனுதான், கொசுப்புழுவ நல்லா தின்னும். கொசுப்புழுவுக்காக வழக்கமா விடற கம்பூசியா வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம், அது அமெரிக்காவுல இருந்து வந்த மீனு, தலப்பிரட்டையயும் சேத்து தின்னுடும், எனக்கு இந்த குளத்துல தவளை சத்தம் கேக்கணும்.

குளம் ஒன்றரை அடி ஆழந்தான். ஆனாலும் சின்னப் புள்ளைக்கு அதுவே ஆபத்து, எனக்கு நல்லாவே தெரியும். அதனால தண்ணிக்கு கொஞ்சம் கீழ இரும்பு கம்பி வலை படுக்க வச்சிடுவோம், சுத்தி வேலியும் பூட்டும் இருக்கும், சாவி என்கிட்ட. பெரியவங்க கூட இல்லாம ஒரு புள்ளையும் உள்ள போகாது. கக்கூஸ் தண்ணி ஒரு சொட்டு கூட இதுல சேராது, அது தனி செப்டிக் டேங்க். குளத்துல நிரம்பி வழியற தண்ணி வாழைக்கும் தென்னைக்கும் மட்டும், கீரைப் பாத்திக்கு கிடையாது.

சத்துணவு அக்காங்க கிட்டயும் பேசியாச்சு, ப்ளீச்சிங் பவுடர் போட்டு கழுவின தண்ணி இந்தப் பக்கம் வராது, வந்தா அந்த நுண்ணுயிரெல்லாம் செத்துடும். உங்க புள்ளைங்ககிட்ட நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணுதான், மிச்ச சோத்த வாளில தட்டிட்டு அப்புறம் தட்ட கழுவணும். வாளில சேர்றது மாட்டுக்குப் போகுது.

வர்ற சனிக்கிழமை காலைல 9 மணிக்கு வேலை ஆரம்பிக்கறோம். மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு இருக்கறவங்க எடுத்துட்டு வாங்க, வீட்டுல கல்வாழை இருந்தா கிழங்கோட நாலு செடிய பேத்து சாக்குல சுத்திக் கொண்டாங்க. சம்மதச் சீட்டு புள்ளைங்க டைரில வச்சிருக்கேன், புதன்கிழமைக்குள்ள கையெழுத்து போட்டு அனுப்புங்க, மனசுக்கு சரியா படலன்னா கையெழுத்து போடாம நேர்ல வாங்க, எடத்தக் காட்டி பேசறேன். மழை வந்தா தேதி மாத்தி க்ரூப்ல போடறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்