படத்துக்குக் கீழே தோட்டத்தின் பெயரைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாசகர்கள் எடுத்தனுப்பும் தோட்டப்புறப் படங்களுக்கு ஞாயிறு பதிப்பில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி வருகிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. பினாங்கு என்றாலே ஜார்ஜ் டவுன் சுவரோவியமும் கொடிமலை ரயிலும்தான் என்று ஆகிவிட்ட நிலையில், பாலத்துக்கு இந்தப் பக்கம், செபராங் பிறைப் பெருநிலத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயத்து வீடு பத்திரிகையில் வருவதே பெரிய விஷயம். ஆனால் போன வாரப் படத்தின் கீழே "பசுமை கொஞ்சும் தோட்டம்" என்று மட்டும்தான் இருந்தது. எந்தத் தோட்டம்? எந்த டிவிஷன்? எந்த ஆண்டு எடுத்தது? அதற்கு முந்தின வாரம், கோயில் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும் படம். தலைப்பு "மறக்க முடியுமா". மறப்பது இருக்கட்டும், அது எந்த ஊர்க் கோயில் என்றே தெரியவில்லையே.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன். தொழில் புத்தி விடாது. ஒரு படத்தைப் பார்த்தால் வடக்கு எந்தப் பக்கம் என்றுதான் முதலில் தேடுவேன். நாங்கள் வரைந்த வரைபடங்களில் தோட்டத்தின் பெயர் இருக்கும், சாலை இருக்கும், ஆறு இருக்கும். லயங்கள் சின்னக் கறுப்புக் கட்டங்களாக இருக்கும். காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம் எது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை எது, ரப்பர் பாலைச் சேர்க்கும் பால் ஸ்டோர் எது என்று அந்தக் கட்டங்களைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வரைபடம் சொல்லாததைப் படம் சொல்லலாம். ஆனால் அந்தப் படம் எங்கே எடுத்தது என்று எழுதியிருந்தால்தான் சொல்லும்.

ஜார்ஜ் டவுன் 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஒரு கடைவீட்டின் சன்னலை மாற்றுவதற்கும் விதி உண்டு. நல்லதுதான், குறை சொல்லவில்லை. செபராங் பிறையின் லயங்களுக்கு அப்படி எந்த வேலியும் இல்லை. நிலத்தின் பயன் மாறினால் வீடு போய்விடும், ஒரு மண்வாரி இயந்திரத்துக்கு அரை நாள் வேலை. இங்கே இருக்கும் பத்து காவான் என்ற ஊரைப் பாருங்கள். கரும்பு, பிறகு ரப்பர், பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை என்று நூறு ஆண்டுக்கு மேல் தோட்டமாக இருந்த மண். 2014ல் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் அங்கே வந்து இறங்கியது. 2019ல் ஐக்கியா (IKEA) பேரங்காடியைத் திறந்தார்கள். இன்று அங்கே வளரும் பிள்ளைக்கு, வண்டி நிறுத்தும் இடத்தில் முன்பு என்ன நின்றது என்று காட்ட நம்மிடம் எத்தனை படம் இருக்கிறது?

கடைசி நாளன்று மட்டும் படம் எடுப்பது நம்மிடம் உள்ள இன்னொரு பழக்கம். தீவில் குளுகோர் பக்கம் மாடு வளர்த்து வாழ்ந்த நம் மக்களின் கம்போங் புவா பாலா 2009ல் இடிக்கப்பட்டது. அதற்குப் படங்கள் ஏராளம். நான் தேடிப் பார்த்தவரை பெரும்பாலானவை பதாகையும் போலீசும் இடிக்கும் இயந்திரமும்தான். மாட்டுக் கொட்டகையின் கூரை எப்படிச் சாய்ந்திருந்தது, வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையே எவ்வளவு இடம் இருந்தது, எந்த மரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள் என்பதை அவற்றில் பார்க்க முடியவில்லை. செய்திப் படக்காரர்கள் மேல் தவறில்லை, அவர்கள் வந்தது செய்திக்கு. சும்மா இருந்த நாளில் எடுத்திருக்க வேண்டியவர்கள் நாம்.

நிபோங் திபால் கலிடோனியா தோட்டத்தின் 99 கதவு பங்களாவுக்கு இளைஞர்கள் இரவில் முக்காலி தூக்கிக்கொண்டு போகிறார்கள். 1948ல் ராம்ஸ்டன் துரை சுட்டுக் கொல்லப்பட்ட இடம், பேய் உலாவுகிறது என்று பேச்சு. போகட்டும். பேயைப் பிடிக்க வரும் கூட்டம் பகலில் ஒருநாள் வந்து அக்கம்பக்கத்தில் எஞ்சியிருக்கும் வாய்க்காலையும் லயத்தையும் எடுத்தால் நான் சொந்தக் காசில் தேநீர் வாங்கித் தருவேன். இந்தக் கரையோரத் தோட்டங்களின் வாய்க்கால்கள் கரும்புக் காலத்து மிச்சம். நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். வீடுகள் போன பிறகும் பழைய தோட்டத்தின் அமைப்பைக் காட்டிக்கொடுப்பவை அவைதான். ஆனால் அழுக்குத் தண்ணீரை யார் படம் எடுப்பார்கள்?

லயத்தை எடுப்பது எப்படி என்று பக்கத்தின் ஓரத்தில் நான்கு வரி போடலாம். முன்பக்கத்துக்கு நேர் எதிரே நின்று ஒன்று எடுக்க வேண்டும். கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் பின்னால் விழுவதுபோல் தெரியும், அதனால் சாய்க்காமல் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். அகலக் கோண லென்ஸை நம்ப வேண்டாம், அது ஓரத்தில் உள்ள தூணை வளைத்துவிடும். அப்புறம் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொன்று. பின்பக்கம் அவசியம், ஏனென்றால் அடுப்படியும் தண்ணீர்த் தொட்டியும் குளியலறையும் அங்கேதான், பெண்களின் பாதி வாழ்க்கை கழிந்ததும் அங்கேதான். கதவு எண் தெரிய வேண்டும். அளவு புரிய ஒரு சைக்கிளோ மீட்டர் கோலோ பக்கத்தில் நிற்கட்டும். பெரட்டுக்கு அடித்த தண்டவாளத் துண்டு இன்னும் மரத்தில் தொங்கினால் அதையும் விடாதீர்கள். ரப்பர் தாள்களைப் புகையில் உலர்த்திய புகை ஸ்டோர் நின்றால் பலகையில் படிந்த கருமை தெரிகிற மாதிரி, கூரையில் புகை போகும் வழி தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். அந்திச் சிவப்பில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், ஆனால் கூரை துத்தநாகத் தகரமா அத்தாப்பு ஓலையா என்பது தெரியாது.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ரப்பர் இருந்த காலத்தில் வடக்கே பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கும். நிரைகளுக்கு நடுவே வெயில் தரை வரை இறங்கும், மற்ற மாதங்களில் மறைந்திருக்கும் லயமும் கோயிலும் தூரத்திலிருந்தே தெரியும். இன்றும் ரப்பர் நிற்கும் இடங்களுக்கு அந்த வாரங்களில் போவதுதான் புத்திசாலித்தனம். செம்பனைக்கு அந்தப் பருவமே கிடையாது. ஆண்டு முழுக்க மட்டை மூடியிருக்கும், அடியில் இருட்டு. வெயில் ஏறிய நேரத்தில் எடுத்தால் வீடு வெள்ளையாக எரியும், மரம் கரியாகிவிடும். மழை விட்டு மேகம் மூடியிருக்கும் காலைதான் தோது. செம்பனைத் தோட்டத்தில் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ அந்த ஒரே மாதிரித்தனமும் பதிவாக வேண்டிய ஒன்று என்று படுகிறது. நம் ஊரின் பார்வைத் தூரமே குறைந்துபோய்விட்டது.

ட்ரோன் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வானிலிருந்து படம் எடுக்க அனுமதி வேண்டும், பட்டர்வொர்த்தில் விமானப்படைத் தளம் வேறு இருக்கிறது. தரையில் நடப்பதற்கும் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், காவலாளியிடம் வாதாடுவதைவிட அது சுலபம். குடியிருக்கும் வீடு என்றால் உள்ளே இருக்கும் அக்காவிடமோ தாத்தாவிடமோ கேட்காமல் கேமராவைத் தூக்கக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் சாயா போட்டுக் கொடுத்து, அந்த லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். அதைத்தான் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

எழுதுவது ஏன் முக்கியம் என்றால், ஒரே தோட்டத்துக்கு மூன்று பெயர் இருக்கும். வெள்ளைக்காரன் வைத்தது ஒன்று, நம்மவர்கள் அழைத்தது ஒன்று, கைமாறிய பிறகு வந்தது ஒன்று. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஒரு பெயர் பல சொந்தக்காரர்களிடம் சிதறியது. அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். இன்று அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே நிற்கும் தமிழ்ப்பள்ளியின் பலகையில் மட்டும் ஒரு தோட்டத்தின் பெயர் மிஞ்சியிருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். பழைய பெயர், இப்போதைய பெயர், டிவிஷன், லயத்தின் எண், எடுத்த மாதமும் ஆண்டும், எந்தத் திசை பார்த்து எடுத்தது. இவ்வளவும் ஒன்றரை வரியில் அடங்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளைன்குரோத்தே போன்ற புகைப்படக்காரர்கள் மலாயாவில் எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். தோட்டங்களும் அவற்றில் உண்டு, கூர்மையான படங்கள். அந்தக் காலத்துத் தோட்டப் படங்களில் நான் பார்த்தவற்றில் தோட்டத்துக்குப் பெயர் இருக்கும், சிலவற்றில் துரைக்கும் பெயர் இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் வெறும் 'கூலிகள்'. நூறு ஆண்டு கழித்து நாமே நம்மை எடுக்கும்போது தோட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தொலைத்துவிட்டு "பசுமை கொஞ்சும்" என்று எழுதினால் எப்படி?

ஆகவே என் வேண்டுகோள். விவரம் இல்லாமல் வரும் படத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், அனுப்பியவரிடம் கேட்டு வாங்கும்வரை நிறுத்தி வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், கோப்பில் பதிவான தேதியும் இடமும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மின்னஞ்சலில் கேளுங்கள். பக்கத்துக்குத் தகுந்தபடி ஓரத்தை வெட்டாதீர்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் வானத்தை வெட்டுங்கள், தரையை விட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் படங்களையும் விவரத்தோடு ஒரு கணினி வன்தட்டில் ஏற்றி மலேசிய அறிவியல் பல்கலைக்கழக நூலகத்துக்கோ தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ கொடுக்க முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள். அவர்கள் வாங்கிக்கொண்டால், விவரங்களைத் தட்டச்சு செய்து தர என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் கிடைப்போம்.

கடைசியாக ஒன்று. பத்திரிகையின் சின்னத்தைப் படத்தின் வலது கீழ் மூலையில் பதிக்கிறீர்கள். போன மாதம் ஒரு படத்தில் அது சரியாகக் கதவு எண்ணின் மேலேயே உட்கார்ந்திருந்தது. வேறு மூலைக்கு மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
சுங்கை பாக்காப், பினாங்கு