எண்ணிக்கையாக இருந்தவர்களைப் பெயராக்கித் தந்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களுக்கும் பொதுமக்களுக்கும், வெளியூர்களிலிருந்தும் எல்லைப் பணியிலிருந்தும் உதவிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

படைவீரர்களின் பெயர்கள் பொறித்த நினைவுக்கல் சென்ற கொடி நாளன்று, டிசம்பர் 7ஆம் தேதி, நம் பள்ளிக்கூட வாசலில் திறக்கப்பட்டது. நன்றி சொல்ல எழுந்த எனக்கு அன்று பாதியிலேயே குரல் கம்மிவிட்டது. விட்டுப்போனதையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

வேலூர் மாவட்டத்தில் மிலிட்டரிக்காரர் வீடு இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். அந்தப் புகழ் நம் ஊருக்கு இல்லையென்றாலும், முதல் உலகப் போர் தொட்டே இங்கிருந்து ஆட்கள் போயிருக்கிறார்கள் என்பதற்குப் பழைய பள்ளிக் கட்டடத்தின் சுவரில் பதித்த சலவைக்கல் ஒன்று சாட்சியாக இருந்தது. நாட்டின் எத்தனையோ ஊர்களில் காணப்படும் கல்தான் அது. இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியங்கள். ஒருவர் பெயர்கூடக் கிடையாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோதெல்லாம் கல்லுக்கும் சேர்த்தே அடித்ததில் அந்த எண்களும் மறைந்துபோயிருந்தன. அதை மூங்கில் சீவலாலும் தேங்காய் நாராலும் எழுத்துச் சிதையாமல் மூன்று நாள் சுரண்டி எடுத்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், கூடவே அமர்ந்திருந்த வரலாற்று ஆசிரியைக்கும் முதல் நன்றி.

பெயர்களைத் தேடுவது அதைவிடக் கடினமாக இருந்தது. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்காக 1929இல் பாஸ்ராவில் எழுப்பிய நினைவிடத்தில் இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டது. சிப்பாய்கள் அங்கும் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண்ணிக்கைதான். இந்தப் பாகுபாடு நடந்தது உண்மை என்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆணையத்தின் பட்டியல்களில் வட ஆற்காடு என்ற பழைய மாவட்டப் பெயரையும், ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்களையும் வைத்துக்கொண்டு இரவு இரவாகத் தேடியவர், 'தம்பிகள்' என்று அழைக்கப்படும் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவில் பணிமுடித்த நம் சுபேதார் ஐயா. எழுபது வயதைக் கடந்த அவர் இதற்காகவே பேரனிடம் கணினி கற்றுக்கொண்டார். அவருக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மேட்டுத்தெருப் பாட்டியின் பதக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மாமனார் வழியாக வந்த வெண்கல வட்டு ஒன்றைச் சாமி மாடத்தில் வைத்து, அதில் குதிரைமேல் இருப்பவர் வேடியப்பன் என்று நம்பி, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் குங்குமமிட்டு வணங்கி வந்திருக்கிறார். செங்கம் பக்கத்தில், இறந்த வீரர்களுக்கு எழுப்பிய பழைய நடுகற்களையே வேடியப்பன் சாமி என்று கும்பிடுகிறார்கள். ஆகவே அவர் நினைத்தது தவறென்று நான் சொல்லமாட்டேன். புளி போட்டுத் துலக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, விளிம்பில் ஓர் எண்ணும், அவர் மாமனாரின் பெயரும், தொழிலாளர் படைப்பிரிவின் பெயரும், பதவி என்ற இடத்தில் 'கூலி' என்ற சொல்லும் தெரிந்தன. வெள்ளிப் பதக்கம் படைவீரர்களுக்கு, வெண்கலம் இவர்களுக்கு என்பது அன்றைய வழக்கம். வெள்ளிப் பதக்கங்கள் பல வீடுகளில் கொலுசாக உருகிப்போக, வெண்கலம் என்பதாலேயே இது மிஞ்சியது. துப்பாக்கி பிடிக்காதவர் பெயரைக் கல்லில் சேர்க்கலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது, கடல் தாண்டிப் போய் மூட்டை சுமந்தவரும் அதே பட்டாளத்தில்தானே இருந்தார் என்று முதல் ஆளாகச் சொன்னவர் சுபேதார் ஐயாதான். அந்தப் பெயர் மற்றப் பெயர்களின் அளவிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. கோயில் மாடத்திலிருந்து எடுப்பதுபோல் எடுத்து, நம்பிக் கொடுத்த பாட்டிக்குக் கைகூப்பிய நன்றி.

1962, 1965, 1971 போர்களிலும், இலங்கையில் அமைதிப்படையிலும், கார்கிலிலும் பணியாற்றியவர்களின் விவரங்களைச் சரிபார்த்துத் தந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலக ஊழியர்களுக்கும், இடம் ஒதுக்கிய ஊராட்சிக்கும், விடுப்பில் வந்தபோது வீடுவீடாக நடந்து பட்டியல் எடுத்த, இப்போது பணியிலுள்ள இளைஞர்களுக்கும் நன்றி. கல்தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்று பேசிய கூலியில் ஒரு ரூபாயும் பெற்றுக்கொள்ளவில்லை. அவருடைய பாட்டனார் பெயரும் அந்தக் கல்லில் இருக்கிறது என்பதை உளியெடுத்த பிறகே எங்களிடம் சொன்னார்.

பள்ளிக் கூடத்தில் வைத்துள்ள குடும்பப் படங்களுக்காகப் பெட்டிகளையும் பரண்களையும் திறந்த தாய்மார்கள் பலர். 1971இல் கணவரை இழந்த அம்மா ஒருவரிடம் இருந்தது ஒரே ஒரு திருமணப் படம். சீருடைப் படமாக இல்லாததால் அவர் கணவரின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கலாம் என்று நாங்கள் யோசித்தோம். "வெட்ட வேண்டாம் தம்பி, நானும் பக்கத்திலேயே நிக்கிறேனே, இருக்கட்டும்" என்றார். அந்தப் படம் முழுதாகவே மாட்டப்பட்டிருக்கிறது: நாற்காலியில் விறைப்பாக அவர், தோளருகே பதினேழு வயதுப் பெண்ணாக இவர். கறையான் தின்ற ஓரத்தை ஒட்டிச் சீராக்கி, மூலப்படத்தை அன்று மாலையே அம்மாவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்த ஸ்டுடியோக்காரத் தம்பிக்கு நன்றி.

சலவைக்கல் சொல்லும் எண்ணிக்கைக்குப் பெயர்கள் இன்னும் நிறையவில்லை. அதனால் புதிய கல்லின் கீழ்ப்பகுதியை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். பழைய பதக்கம், பென்ஷன் புத்தகம், கடிதம் எது இருந்தாலும் பள்ளித் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். பார்த்துவிட்டு உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம். அடுத்த பெயர் கிடைத்ததும் வந்து வெட்டித் தருவதாகக் கல்தச்சர் சொல்லியிருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
நினைவுக்கல் பணிக்குழு சார்பாக,
ஒரு படைவீரரின் மகன்