அக்ரிப்பினாவின் கற்பெட்டகம்

ரோம்

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

நாங்கள் இங்கு நலம். தாங்களும் பெரியம்மாவும் நலமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகின்றேன். இந்த நகரத்தைப் பற்றி நான் விரிவாக ஒன்றும் எழுதுவதில்லை என்று சென்ற கடிதத்தில் குறைபட்டிருந்தீர்கள். வேலை, வாடகை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் தொலைபேசியிலேயே பேசித் தீர்ந்துவிடுகின்றன. கடிதத்தில் எழுதத் தக்கது, இங்குள்ள கப்பிட்டோலின் நூதனசாலையில் நான் ஓய்வு நாள்களில் போய்ப் பார்க்கும் ஒரு கல் என்று எனக்குப் படுகிறது.

அது அக்ரிப்பினா என்னும் அரசகுலப் பெண்ணின் அஸ்திக்காகச் செதுக்கிய பெரிய சலவைக்கல் பெட்டகம். மார்க்கஸ் அக்ரிப்பாவின் மகளும், தெய்வமாகிய அகஸ்டஸின் பேர்த்தியும், ஜெர்மானிக்கஸின் மனைவியும், பேரரசன் காயஸின் தாயுமாகிய அக்ரிப்பினாவின் எலும்புகள் என்று அதன் முகப்பில் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். நான்கு ஆண்களுக்கு அவர் என்ன முறை என்று சொல்லும் அந்தக் கல், அவர் ஒன்பது பிள்ளைகளைப் பெற்றதையோ தீவொன்றில் கைதியாக மாண்டதையோ சொல்லவில்லை.

கணவர் ஜெர்மானிக்கஸ் கி.பி. 19இல் சிரியாவின் அந்தியோக்கியாவில் இறந்தபோது, உடலை அங்கேயே தகனம் செய்து, குளிர்காலமென்றும் பாராமல் கடல் கடந்து, அஸ்திக் கலசத்தைத் தன் கையில் ஏந்தியபடி பிள்ளைகள் இருவருடன் இத்தாலியின் பிருந்திசித் துறைமுகத்தில் இறங்கியவர் இந்த அக்ரிப்பினாதான். மதில்களிலும் கூரைகளிலும் சனம் ஏறி நின்றதாம். அங்கிருந்து படை அதிகாரிகள் கலசத்தைத் தோளில் சுமந்தார்கள். பத்து ஆண்டுகளின் பின் பேரரசன் திபேரியஸ் அவரையே பண்டத்தேரியாத் தீவுக்கு நாடு கடத்தினான். 33இல் அங்கே உணவின்றி இறந்தார். 37இல் மகன் காயஸ், அதாவது கலிகுலா, ஆட்சிக்கு வந்த உடனேயே, கொந்தளிக்கும் கடலில் கப்பலேறித் தீவுக்குப் போய், தாயின் சாம்பலைத் தன் கையாலேயே கலசத்தில் இட்டு, அகஸ்டஸின் சமாதி மண்டபத்துக்குக் கொண்டுவந்தான். ஊர் மெச்சுவதற்காகவே அந்தப் புயலில் போனான் என்று பழைய வரலாற்றாசிரியரே குத்திக்காட்டுகிறார். அவன் பின்னர் செய்த கொடுமைகளை அறிந்தவர்களுக்கு அது பொய்யாகவும் தோன்றாது. ஆயினும் ஆளை அனுப்பாமல் தானே போனான் என்பதை நான் தள்ளிவிட விரும்பவில்லை.

மத்திய காலத்தில் சமாதி சூறையாடப்பட்ட பின் இந்தப் பெட்டகத்தை நகரத்தார் தானியம் அளக்கும் அளவையாக வைத்திருந்தார்கள்.

எளிய சனங்களுக்குச் சலவைக்கல் ஏது? சாம்பல் நிறைந்த மண்சட்டிகளை நிலத்தடி மண்டபங்களின் சுவர்மாடங்களில் வரிசையாகப் பதித்து, கீழே சிறு பலகையில் பெயர் எழுதினார்கள். அவர்களுள் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளுமே மிகுதி. எரிந்த எலும்புகளைப் பொறுக்கித் திராட்சை மதுவாலும் பாலாலும் நனைத்த பின்பே கலத்தில் இடுவார்கள் என்று வாசித்தபோது, நம் காடாற்றும் அதில் பால் தெளிப்பதும் நினைவுக்கு வந்தன. ஆண்டுதோறும் பெப்ரவரி 13 தொடக்கம் 21 வரை கோயில்களை அடைத்து, கல்யாணங்களை விலக்கி, முன்னோரின் கல்லறைகளில் மாலையும் தானியமும் சிறிது உப்பும் மதுவில் நனைத்த ரொட்டியும் படைத்தார்கள். மறுநாள் உயிரோடிருக்கும் உறவினர் எல்லாரும் கூடிச் சாப்பிடுவார்கள்.

இவற்றையெல்லாம் விட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, ரோமுக்குத் தெற்கேயுள்ள லனுவியம் ஊரில் கிடைத்த, 136ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சங்கத்தின் விதிமுறைக் கல்வெட்டு. சேரும்போது 100 செஸ்டர்ஸ் காசும் ஒரு சாடி நல்ல மதுவும், பின்னர் மாதம் 5 ஆஸ் செப்புக் காசும் கட்டிவந்த அங்கத்தவர் இறந்தால், ஈமச்செலவுக்கு 300 செஸ்டர்ஸ் கிடைக்கும். ஊரிலிருந்து 20 மைலுக்கு அப்பால் ஒருவர் இறந்ததாகச் செய்தி வந்தால், மூவர் அங்கே போய்க் காரியங்களைச் செய்து முடித்து, கணக்கையும் ஒழுங்காக ஒப்படைக்க வேண்டும். அடிமையாயிருந்த அங்கத்தவரின் உடலை எசமான் தர மறுத்தால், உருவம் ஒன்றை வைத்தாவது சடங்கு நடக்கும். இங்கே நம்மவர் வீடொன்றில் சாவு நேர்ந்தால் வீடு வீடாகக் காசு சேர்க்கிறோமே, அதற்கு அவர்கள் விதி எழுதி, கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இனி அப்பாவின் அஸ்தி. கொழும்புக்கு வருகிற யாரிடமேனும் கொடுத்தனுப்பு, லீவு எடுத்துப் பணத்தைச் செலவழித்து நீ அலைய வேண்டாம் என்று தாங்கள் எழுதியது என் பாரத்தைக் குறைக்கத்தான் என்பதை அறிவேன். இந்த ஒன்றில் மட்டும் தங்கள் சொல்லுக்கு மாறாக நடக்க அனுமதி கேட்கிறேன். மகளைப் பார்க்க வந்த இடத்தில் காலமானவரை வேறு கையில் ஒப்படைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆடி அமாவாசைக்கு முன்பே ஊருக்கு வந்து சேரும்படி விடுப்புக் கேட்டிருக்கிறேன். கீரிமலைக் கிரியைக்குத் தாங்களே சைவக்குருக்களிடம் பேசி, நாளும் வேண்டிய பொருள்களும் எவையெனக் கேட்டு எழுதினால், அதற்கேற்ப விமானச் சீட்டை எடுத்துவிடுவேன். அத்தைக்கும் சொல்லிவிடுங்கள், அவர் வவுனியாவிலிருந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்